முகம் பிந்தி வந்த படம்

படத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அப்போது வயது 32. வரைந்த பிக்காசோவுக்கு 24. சொன்னால் ஒழிய யாரும் நம்ப மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஊர்ப் பெரியம்மா ஒருவர் பஞ்சாயத்தில் கடைசி வார்த்தை சொல்லப் போவதுபோல் இருக்கிறார் கெர்ட்ரூட் ஸ்டைன். பழுப்பு நிறக் கோட்டு. கழுத்தில் வெள்ளைத் துணி, அதைப் பிடித்து நிற்கும் ஒரு ப்ரூச். தொடைமேல் ஊன்றிய கைகள். முன்பக்கம் சாய்ந்த பெரிய உடம்பு. 100 செ.மீ. உயரமும் 81.3 செ.மீ. அகலமும் கொண்ட கேன்வாஸில் பெரும்பகுதியை அவரே அடைத்துக்கொண்டிருக்கிறார்.

கழுத்து வரை இது ஒரு படம். அதற்கு மேலே வேறொரு படம்.

ஐரோப்பிய ஓவியத்தில் மனித முகம் எப்போது வடிவியலாக மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் 1910ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டில்தான் பிக்காசோ தன் ஓவிய வியாபாரிகள் மூன்று பேரைச் சில்லு சில்லாக உடைத்து க்யூபிச உருவப்படங்களாக வரைந்தார். என் கணக்கு வேறு. 1906 கோடைக்காலத்தின் கடைசியில், எதிரே உட்கார ஆளில்லாத ஒரு அறையில், மாதக்கணக்கில் முடிக்க முடியாமல் கிடந்த ஒரு படத்தை எப்படியாவது முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அது நடந்துவிட்டது. கொள்கை எதுவும் அப்போது கையில் இல்லை. தோல்வி மட்டும் இருந்தது.

எழுத்தாளர் ஸ்டைன் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1874இல் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்து, பட்டம் வாங்காமல் விட்டுவிட்டு 1903இல் பாரிஸுக்கு வந்தார். அண்ணன் லியோ ஏற்கெனவே அங்கே ரூ த ஃப்ளோருஸ் தெருவின் 27ஆம் எண் வீட்டில் இருந்தார். குடும்பச் சொத்திலிருந்து மாதாமாதம் வருமானம் வந்தது. பெரிய பணக்காரர்கள் என்று சொல்ல முடியாது; ஆனால் யாரும் சீந்தாத ஓவியங்களை வாங்க அது போதும். 1905இல் லியோ, க்ளோவி சகோ என்ற வியாபாரியிடம் பிக்காசோவின் படம் ஒன்றை வாங்கினார். பூக்கூடையோடு நிற்கும் நிர்வாணச் சிறுமி. விலை 150 ஃபிராங்க். தங்கைக்குப் படம் பிடிக்கவில்லை. கால்களைப் பார்த்தாலே ஆகவில்லை. அப்படியானால் தலையை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடட்டுமா என்று சகோ கேட்டாராம். நல்லவேளை, வெட்டவில்லை. 2018இல் நியூயார்க் ஏலத்தில் அந்தப் படம் 11.5 கோடி டாலருக்குப் போனது.

கால் பிடிக்காத அந்தப் பெண்ணைத்தான் பிக்காசோ வரைய விரும்பினார். 1905-06 குளிர்காலத்தில் வேலை தொடங்கியது.

மோன்மார்த்ர் குன்றின்மேல் ‘பதோ லாவுவார்’ என்று அழைக்கப்பட்ட பழைய மரக்கட்டடத்தில் பிக்காசோ குடியிருந்தார். கோடையில் வெந்து, குளிரில் விறைக்கும் அறைகள். கட்டடம் முழுவதற்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். ஸ்டைன் ஆற்றின் மறுகரையிலிருந்து குதிரை வண்டி பஸ்ஸில் பாரிஸைக் குறுக்காகக் கடந்து வந்து, பிறகு மேடேறி நடந்து, உடைந்துபோன ஒரு பெரிய நாற்காலியில் உட்காருவார். பிக்காசோ சின்ன நாற்காலியின் நுனியில், கேன்வாஸுக்கு மூக்கை ஒட்டினாற்போல உட்கார்ந்து வரைவார். அவருடைய காதலி ஃபெர்னாந்த் ஒலிவியே, வந்தவருக்குச் சலிப்புத் தட்டாமலிருக்க லா ஃபோந்தேனின் நீதிக்கதைகளை வாசித்துக் காட்டுவார். ஸ்டைன் தன் பங்குக்குத் தலைக்குள் எழுதிக்கொண்டிருந்தார். ‘மூன்று வாழ்க்கைகள்’ நூலின் நடுக்கதையான ‘மெலங்தா’ அந்த நாற்காலியிலும், போகவர நடந்த வழியிலும் உருவானது என்பது அவரே சொன்ன செய்தி.

எத்தனை முறை உட்கார்ந்தார்? எண்பது, தொண்ணூறு என்கிறார். இதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. வேகத்துக்குப் பேர்போன பிக்காசோ ஒரு படத்துக்கு இவ்வளவு நாள் எடுத்தாரா என்று கலை வரலாற்றாளர்களும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். 1899இல் ஓவியர் செசானுக்கு முன்னால் உட்கார்ந்த ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வோலாரும் 115 முறை என்று கணக்கு வைத்திருந்தார். மாடலாக உட்கார்ந்தவர்களின் நினைவில் இந்த எண்கள் கொஞ்சம் வளரத்தான் செய்யும். ஆனால் படம் நின்றுபோனது உண்மை.

உட்கார்ந்திருக்கும் விதத்தை பிக்காசோ எங்கிருந்து எடுத்தார் என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 1905 இலையுதிர்காலக் கண்காட்சியில் ஆங்க்ர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மேதையின் படங்களுக்குத் தனி இடம் கொடுத்திருந்தார்கள். அவருடைய புகழ்பெற்ற உருவப்படங்களில் ஒன்று, பத்திரிகை முதலாளி லூயி-ஃபிரான்ஸ்வா பெர்த்தாங்குடையது. 1832இல் வரைந்தது, லூவரில் இருக்கிறது. பருத்த மனிதர், முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் விரித்து ஊன்றிக்கொண்டு எதிரே இருப்பவரை எடைபோடுகிறார். அந்த உட்காரலை எடுத்து ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார் பிக்காசோ. உருவப்படத்துக்கு உட்காரும் பெண் கொஞ்சம் ஒசிந்து, கை எங்கே வைப்பதென்று யோசித்து, அழகாக இருக்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் அத்தோடு போயிற்று.

பெர்த்தாங்கின் படத்திலும் வடிவியல் உண்டு. அந்த உடம்பு ஒரு கூம்பு. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து விரல் என்று கோடுகள் கணக்காக இறங்குகின்றன. மறுமலர்ச்சிக் காலம் முதல் எல்லா நல்ல உருவப்பட ஓவியர்களும் இதைச் செய்தவர்கள்தான். ஆனால் அதன்மேல் தோலும் துணியும் மயிரும் போர்த்திக் கணக்கை மறைத்துவிடுவார்கள். போர்த்தியதை முதலில் விலக்கத் துணிந்தவர் செசான்.

ஸ்டைன் வீட்டுச் சுவரில் செசான் இருந்தார். 1904இல் அண்ணனும் தங்கையும் சேர்ந்து வோலாரிடம் வாங்கிய படம் அது: செசானின் மனைவி ஒர்தான்ஸ், சிவப்பு நாற்காலியில், கையில் விசிறியோடு. சாம்பலும் நீலமுமான உடை. முகம் முட்டை வடிவம், கிட்டத்தட்ட உணர்ச்சியே இல்லை. கண்ணிமையும் கன்னமும் நாற்காலியின் கைப்பிடியும் ஒரே மாதிரியான கவனத்தோடு, தூரிகைத் திட்டுகளாக அடுக்கப்பட்டவை. மனைவியின் முகத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. தன் ‘மூன்று வாழ்க்கைகள்’ இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியது என்று ஸ்டைன் சொல்வார். சனிக்கிழமை மாலைகளில் மாடல் உட்கார்ந்து முடிந்ததும் பிக்காசோவும் ஃபெர்னாந்தும் அவரோடு சேர்ந்து அந்த வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். பகலில் ஸ்டைனின் முகம், இரவில் மதாம் செசானின் முகம்.

இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு அணுக வேண்டும் என்று செசான் இளம் ஓவியர் எமில் பெர்னாருக்குக் கடிதம் எழுதியது 1904 ஏப்ரலில். அது அச்சில் வந்தது 1907இல், செசான் இறந்து ஒரு வருடம் கழித்து. க்யூபிசத்தைப் பற்றிய எந்தப் புத்தகமும் இந்த வாக்கியத்தைத் தொடாமல் போகாது. ஆனால் ஸ்டைன் படம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிக்காசோ படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்குப் போன வீட்டில் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

1906 வசந்தத்தில் ஒருநாள் அவர் தலையை முழுவதுமாக அழித்தார். பார்த்துக்கொண்டே இருந்தும் நீங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எரிச்சலோடு சொன்னதாக ஸ்டைன் பதிவு செய்திருக்கிறார். உடம்பு, கை, நாற்காலி எல்லாம் முடிந்திருந்தன. கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. ஸ்டைன் இத்தாலிக்குப் போனார். அந்த வசந்தத்தில் வோலார் இருபது படங்களை மொத்தமாக 2,000 ஃபிராங்குக்கு வாங்கியிருந்ததால் பிக்காசோவிடம் காசிருந்தது. ஃபெர்னாந்தை அழைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்பினார். கேன்வாஸ் தலையில்லாமல் மோன்மார்த்ரிலேயே கிடந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்த கோசோல், பிரனீஸ் மலையில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கத்தலோனியக் கிராமம். கடைசித் தூரம் கோவேறு கழுதைமேல்தான். தங்கிய விடுதியின் கிழவர் ஜோசெப் ஃபோந்தெவிலா தொண்ணூறை எட்டிய பழைய கடத்தல்காரர். பிக்காசோவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்தத் தலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். மயிர் இல்லாத மண்டை, ஒட்டிய கன்னம், எலும்பின் ஓட்டம் தெளிவாகத் தெரிகிற முகம். வரைய வரையச் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சியது; பிறகு எலும்பும் போய் முகமூடி மிஞ்சியது. ஃபெர்னாந்தின் முகமும் அந்தக் கோடையில் அப்படியே ஆனது.

இதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் லூவரில் வேறொன்றைப் பார்த்திருந்தார். தென் ஸ்பெயினின் ஒசூனாவில் 1903இல் தோண்டி எடுத்த ஐபீரியக் கற்சிற்பங்களை அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். ரோமாபுரியின் மெருகு இல்லாதவை. கண் என்றால் விளிம்போடு வெட்டிய ஒரு பாதாம் வடிவம். மூக்கு என்றால் இரண்டு சரிவுகள் சந்திக்கும் ஒரு வரம்பு. பாரிஸில் அந்நியனாகப் பிழைத்த ஒரு ஸ்பானியனுக்குச் சொந்த மண்ணின் மூதாதையரைக் கண்ட மாதிரி இருந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு லூவரிலிருந்து திருடப்பட்ட இப்படிப்பட்ட இரண்டு தலைகள் பிக்காசோவின் கைக்கே வந்து சேர்ந்ததும், 1911இல் மோனா லிசா காணாமல் போனபோது அதனால் அவர் போலீஸிடம் மாட்டிக்கொண்டு நடுங்கியதும் தனிக்கதை.

விடுதிக்காரர் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு டைஃபாய்டு வந்ததும் ஆகஸ்ட் நடுவில் பிக்காசோ பயந்துபோய்க் கிளம்பிவிட்டார். பாரிஸுக்கு வந்த கையோடு, ஸ்டைன் இத்தாலியிலிருந்து திரும்புவதற்குள், அவரைக் கூப்பிடாமலே முகத்தை வரைந்து முடித்தார்.

பக்கத்தில் போய் அந்த முகத்தைப் பார்ப்போம். நெற்றி அகலமான ஒரே தளம். அது புருவத்தில் வந்து சட்டென்று முடிகிறது. மெல்ல வளைந்து கண் குழிக்குள் இறங்கும் வழக்கம் இங்கே இல்லை. கண்ணிமைகள் தடித்த கோடுகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு கண்களும் ஒரே அளவில்லை, ஒரே மட்டத்திலும் இல்லை. ஒன்று நம்மைப் பார்க்க, மற்றது நம்மைக் கடந்து எங்கோ பார்க்கிறது. மூக்கின் ஒரு பக்கம் வெளிச்சத் தளம், மறுபக்கம் நிழல் தளம், நடுவே கூரான வரம்பு. வாய் இறுகி மூடிய ஒரு கோடு. காதிலிருந்து தாடை வரை ஓடும் விளிம்பில் முகம் தனியாகச் செய்து பொருத்தியதுபோல் நிற்கிறது. இப்போது கீழே கைகளைப் பாருங்கள். அங்கே நிறம் நிறத்தோடு குழைகிறது, விரல்களின் ஓரம் துணியோடு கரைகிறது. அந்தக் கை குளிர்காலத்தில் கண்ணால் பார்த்து வரைந்த கை. முகம் கோடைக்குப் பிறகு மூளையால் கட்டிய முகம். இரண்டுக்கும் இடையே உள்ள ஐந்தாறு மாதங்கள் அந்தக் கழுத்துத் துணியின் வெள்ளையில் அடங்கியிருக்கின்றன.

மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எடுத்த எக்ஸ்ரே படங்கள், இந்த முகத்துக்கு அடியில் தலையை வேறு வேறு கோணங்களில் வைத்துப் பார்த்த பழைய முயற்சிகள் புதைந்திருப்பதைக் காட்டின. ஆக, எரிச்சல் உண்மைதான்.

லியோவுக்கு இந்த ஒட்டு உறுத்தியது. முகத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டதால் படம் ஒரே நடையில் இல்லை என்று பின்னாளில் எழுதினார். அவர் சொன்னது சரி. ஆனால் அதைக் குறையாக எண்ணியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பிக்காசோ நினைத்திருந்தால் ஒரே வாரத்தில் உடம்பையும் தளம் தளமாக மாற்றி ஒத்துப்போகச் செய்திருக்கலாம். செய்யவில்லை. பழைய உருவப்படக் கலை எந்த இடத்தில் முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்பதை ஒரே கேன்வாஸில், ஒரே ஆளின் உடம்பில் காட்டும் இன்னொரு படத்தை எனக்குத் தெரியாது. சரிசெய்திருந்தால் அது இன்னொரு நல்ல பிக்காசோவாக மட்டும் ஆகியிருக்கும்.

இந்த முகம் உடனே பரவியது. அதே ஆண்டு கையில் வண்ணத்தட்டோடு தன்னையே வரைந்துகொண்ட படத்தில் பிக்காசோ அதே முகமூடியை மாட்டிக்கொண்டார். 1907இல் ‘அவிஞோன் பெண்கள்’ வந்தது. நடுவில் நிற்கும் இரண்டு பெண்கள் ஐபீரியக் கண்களோடு நம்மை வெறிக்கிறார்கள். 1910இல் வோலார், ஊடே, கான்வைலர் ஆகிய மூன்று வியாபாரிகளின் படங்களில் முகம் மட்டுமல்ல, உடம்பு, அறை, காற்று எல்லாமே சாய்தளங்களாகிவிட்டன. கான்வைலர் படத்தில் கோத்த கைகளும் கடிகாரச் சங்கிலியும் தலைமயிரின் ஒரு அலையும்தான் ஆள் இருப்பதற்கு அடையாளம். வோலார் படத்தில் மட்டும் அந்த வழுக்கை மண்டை தப்பாமல் தெரியும். பெரியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது ஒரு நண்பரின் சின்னப் பையன் பார்த்த மாத்திரத்தில் ‘இது வோலார்’ என்று சொல்லிவிட்டதாக வோலார் எழுதியிருக்கிறார். சாயல் எங்கே தங்கியிருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிகிறது.

ஸ்டைனின் படத்துக்கு அந்தப் பேறு உடனே கிடைக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அவர் சாயலே இல்லையே என்றார்கள். அதனால் என்ன, போகப் போக அவர் இப்படி ஆகிவிடுவார் என்பது பிக்காசோவின் பதில். பந்தா என்று தோன்றும். ஆனால் புகைப்படக் கலைஞர் மான் ரே 1922இல் ஸ்டைனை அந்தப் படத்தோடு சேர்த்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கன்னமும் தாடையும் படத்தை நோக்கி நகர்ந்திருக்கின்றன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஸ்டைன் நீண்ட கூந்தலை ஒட்ட வெட்டிக்கொண்டார். பிக்காசோ தூரத்திலிருந்து பார்த்துப் பதறிப்போய், என் படம் என்னாவது என்று கேட்டாராம். கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, எல்லாம் இருக்கிறது என்று சமாதானமானார்.

படத்துக்கு ஸ்டைன் காசு கொடுக்கவில்லை. பின்னாளில் ஒரு பணக்காரச் சேகரிப்பாளர் இதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டு, சும்மா கொடுத்தார் என்ற பதிலை நம்பாமல் திகைத்தார். இதைக் கேள்விப்பட்ட பிக்காசோ சிரித்துக்கொண்டே சொன்னது, அந்த நாளில் விற்பதற்கும் சும்மா கொடுப்பதற்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை என்பது. ஸ்டைன் தன் வழியில் கைம்மாறு செய்தார்: பிக்காசோவைச் சொற்களால் உருவப்படம் எழுதினார். 1912இல் நியூயார்க்கின் ‘கேமரா வொர்க்’ இதழ் அதை வெளியிட்டது. ஒரே வாக்கியத்தைச் சற்றே திருப்பித் திருப்பி வைத்து எழுதுகிற அந்த நடையில் எனக்குப் பொறுமை குறைவு. படத்தில் தளங்கள் செய்யும் வேலையை அங்கே வாக்கியங்கள் செய்யப் பார்க்கின்றன என்று மட்டும் சொல்லலாம்.

1913-14இல் அண்ணனும் தங்கையும் பிரிந்தார்கள். பாகப்பிரிவினையில் லியோவுக்கு ரெனுவார்கள் போயின. செசானின் சின்ன ஆப்பிள் படத்தையும் விடாப்பிடியாக எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டார். பிக்காசோக்கள் தங்கையிடம் நின்றன. அவரோடு ஆலிஸ் டோக்லஸ் இருந்தார். 1907இல் பாரிஸுக்கு வந்தவர், சாகும்வரை துணை. விசிறியோடு இருந்த மதாம் செசானும் அதே வீட்டில்தான். இரண்டு படங்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே இருந்தன. 1938இல் வீட்டைக் காலி செய்து ரூ கிரிஸ்தீன் 5ஆம் எண்ணுக்குப் போனபோதும் சேர்ந்தே போயின.

1939 செப்டம்பரில் போர் வெடித்தபோது ஸ்டைனும் டோக்லஸும் கிழக்குப் பிரான்ஸில் பிலின்யாங் என்ற குக்கிராமத்தின் கோடை வீட்டில் இருந்தார்கள். குளிர்கால உடைகளும் தாள்களும் எடுத்துவர அனுமதி வாங்கிக்கொண்டு அவசரமாகப் பாரிஸுக்கு ஒரு நடை வந்தார்கள். குண்டு விழுந்தால் சுவரில் இருப்பதைவிடத் தரையில் இருந்தால் தப்பும் என்று படங்களைக் கழற்றி அடுக்கப் பார்த்தார்கள். சுவரில் இருந்த அளவுக்குத் தரையில் இடமில்லை. விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நாயின் வம்சச் சான்றிதழ்தான் கிடைத்தது. அத்தனை படங்களிலிருந்து இரண்டை மட்டும் காரில் ஏற்ற முடிவு செய்தார்கள். ஒன்று பிக்காசோ வரைந்த ஸ்டைனின் படம். மற்றது மதாம் செசான். செசானின் சட்டத்தைக் காலால் மிதித்துக்கொண்டு டோக்லஸ் கேன்வாஸைப் பிடுங்க முயன்றபோது உதவிக்கு வந்தவர் கான்வைலர். 1910இல் தளம் தளமாக வரையப்பட்ட அதே கான்வைலர். முதல் உலகப்போரில் ஜெர்மானியர் என்பதால் அவருடைய கடைச் சரக்கு முழுவதையும் பிரெஞ்சு அரசு பறிமுதல் செய்து 1921 முதல் 1923 வரை ஏலம் விட்டிருந்தது. போர்க்காலத்தில் ஓவியங்களுக்கு என்ன நேரும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை.

இரண்டில் ஒன்றுதான் திரும்பி வந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் கள்ளச்சந்தை முட்டையும் இறைச்சியும் வாங்கக் காசில்லாமல் போனதும் மதாம் செசானை விற்றார்கள். வீட்டுக்கு வந்த ஒருவர் அந்தப் படம் எங்கே என்று கேட்டபோது, அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்றார் ஸ்டைன். எந்தப் படத்திலிருந்து தன் படம் பிறந்ததோ அதை விற்றுத் தன் படத்தை வைத்துக்கொண்டார் என்றும் இதைச் சொல்லலாம். நான் அப்படிக் கடுமையாகச் சொல்ல மாட்டேன். பசி என்று வந்தால் யாரும் தன் முகத்தைக் கடைசியில்தான் விற்பார்கள்.

இரண்டு யூதப் பெண்கள், வயதானவர்கள், அமெரிக்கர்கள். நாஜிகளின் பிடியில் இருந்த நாட்டில் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கான பதில் அவ்வளவு சுத்தமானதில்லை. கிராமத்தார் காட்டிக்கொடுக்காமல் காத்தார்கள். அதோடு, நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசில் செல்வாக்கோடு தேசிய நூலகத் தலைவராக இருந்த நண்பர் பெர்னார் ஃபாயின் நிழலும் இருந்தது. போருக்குப் பிறகு துரோகத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் அவர். அந்த ஆண்டுகளில் ஸ்டைன் விஷி அரசின் தலைவர் மார்ஷல் பெத்தேனின் பேச்சுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் செய்தார். படத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது வசதி. ஆனால் படம் பத்திரமாக இருந்ததற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

1943இல் பிலின்யாங் வீடு கைவிட்டுப் போய், பக்கத்து ஊரான க்யூலோஸுக்கு மாறினார்கள். அங்கே ஜெர்மன் படையினர் வீட்டுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டுப் போனார்கள். 1944 கோடையில் பாரிஸில் கெஸ்டாபோ ரூ கிரிஸ்தீன் வீட்டுக்குள் புகுந்து, சுவரில் இருந்த பிக்காசோக்களைக் கண்டு கிழித்தெறியப் போவதாகக் கத்தியது. மாடியில் குடியிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு பிரெஞ்சுப் போலீஸைக் கூப்பிட, சோதனை உத்தரவு எங்கே என்று போலீஸ் கேட்க, வந்தவர்கள் வெளியேறினார்கள். உருவப்படம் அப்போது அங்கே இல்லை. 1944 டிசம்பரில் அது ஸ்டைனோடு பாரிஸ் திரும்பியது.

1946 ஜூலை 27 அன்று வயிற்றுப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின்போது ஸ்டைன் இறந்தார். நான்கு நாள் முன்னதாக உயில் எழுதியிருந்தார். மற்றப் படங்கள் டோக்லஸ் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு, பிறகு இன்னொரு அண்ணனின் மகன் ஆலனுக்கு. இந்த ஒன்று மட்டும் நேரே நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு. அந்தப் பழம்பெரும் நிறுவனத்துக்குள் நுழைந்த முதல் பிக்காசோ ஓவியம் இதுதான். நியூயார்க்கிலேயே நவீனக் கலைக்கென்று தனி அருங்காட்சியகம் இருந்தும், எகிப்தும் கிரேக்கமும் ரெம்ப்ராண்டும் இருக்கும் இடத்தைத் தன் முகத்துக்குத் தேர்ந்தெடுத்தார் ஸ்டைன். அவருடைய தன்னம்பிக்கைக்குக் குறைச்சல் என்று ஒருவரும் எப்போதும் குற்றம் சாட்டியதில்லை.

கப்பலேற்றுவதற்கு முன் பிக்காசோ பக்கத்துத் தெருவிலிருந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போனார். நீங்களோ நானோ இதை இனிப் பார்க்கப் போவதில்லை என்று டோக்லஸிடம் சொன்னார். அமெரிக்காவில் அவர் கால் வைத்ததே இல்லை. 1973இல் பிரான்ஸிலேயே இறந்தார். டோக்லஸிடம் இருந்த மற்றப் படங்களுக்கு நல்ல காலம் இல்லை. 1961இல் அவர் ஊரில் இல்லாதபோது ஆலன் குடும்பத்தார் நீதிமன்ற ஆணையோடு அவற்றை எடுத்து வங்கிப் பெட்டகத்தில் பூட்டினார்கள். சுவரில் வெறும் தடங்களோடு வாழ்ந்து, பணமில்லாமல் 1967இல் டோக்லஸ் இறந்தார்.

விற்கப்பட்ட மதாம் செசான், கடைசியில் எமில் பியூர்லேயிடம் போய்ச் சேர்ந்தார். போர்க்காலத்தில் ஜெர்மனிக்கு ஆயுதம் விற்றுச் சம்பாதித்த சுவிஸ் தொழிலதிபர் அவர். அந்தப் படத்தின் இருப்பிடம் இன்று சூரிச். ஸ்டைன் படத்தின் இருப்பிடம் நியூயார்க்.

இரண்டு ஊருக்கும் போக எல்லோருக்கும் வாய்க்காது. இரண்டு படங்களையும் தேடிக் கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்டைனின் முகத்தை உள்ளங்கையால் மறைத்துவிட்டு உடம்பைப் பாருங்கள்: அருமையான பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம். பிறகு உடம்பை மறைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். கையை எடுக்காமலே கண்ணை மட்டும் மதாம் செசான் பக்கம் திருப்புங்கள். க்யூபிசம் பற்றி எந்தப் புத்தகத்தையும் அதற்குப் பிறகு திறந்தால் போதும்.